மீன் தொட்டிக்குள் ஒரு புள்ளிக் கணக்கு

போன தை மாதம் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். (எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம்.) படியேறியதுமே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மருமகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முகப்பில் புதிதாக வைத்திருந்த மீன் தொட்டி முன்னால் நிறுத்தினான். பொங்கல் காசில் வாங்கியது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அடியில் நீலக் கூழாங்கல், மூலையில் மூடி திறந்து திறந்து குமிழி விடும் ஒரு புதையல் பெட்டி. உள்ளே நியான் டெட்ரா இரண்டு, டைகர் பார்ப் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, கப்பி இரண்டு, தங்கமீன் இரண்டு, கடைக்காரர் ‘ஷார்க்’ என்று சொல்லிக் கொடுத்த சாம்பல் நிற மீன் இரண்டு, தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர்.

“எல்லாம் ஜோடி ஜோடியாத்தான் வாங்கியிருக்கேன் அம்மான். ஒண்ணும் தனியாக் கெடந்து ஏங்காது பாருங்க” என்றான்.

பார்த்தேன். நியான் இரண்டும் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. டைகர் பார்பில் ஒன்று மற்றொன்றை விரட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு அலுக்கும்போது ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துவிட்டு வந்தது. கப்பி இரண்டுமே ஆண். ஏங்குவதற்குக்கூட ஒன்றுக்கும் நேரமில்லை.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் முதல் தொட்டியும் இப்படித்தான் இருந்தது. மீனைத் தனியாக வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தனியாக வைக்காமல் இருப்பது என்றால் எத்தனை, எதோடு, ஏன் என்ற இடத்தில்தான் எல்லோரும் மனதுக்குத் தோன்றியதைச் சொல்கிறோம்.

## ‘ஜோடி’ எங்கிருந்து வந்தது?

கடையிலிருந்து வந்தது. நம் ஊர்களில் சின்ன மீன்களுக்கு விலை பெரும்பாலும் ஜோடிக்குத்தான். “ஜோடி என்ன விலை?” என்றுதான் நாமும் கேட்கிறோம். செருப்பும் வளையலும் போல இதுவும் இரண்டு இரண்டாக விற்பதற்கு வசதியான ஓர் அளவு. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே நாம் ஒரு கல்யாணத்தை நடத்திவிடுகிறோம். ஒன்று ஆண், ஒன்று பெண், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

உண்மையில் பாக்கெட்டில் வருபவை வலைக்கு முதலில் அகப்பட்ட இரண்டு மீன்கள், அவ்வளவுதான். நியானில் ஆண் பெண் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே சிரமம். ஏஞ்சல் குஞ்சில் அது அதைவிடக் கடினம். அப்படியே ஆணும் பெண்ணுமாக அமைந்தாலும், நியானோ பார்போ தம்பதியாகக் குடித்தனம் நடத்தும் இனங்கள் அல்ல. அவை கூட்டத்தில் பிறந்து, கூட்டத்தில் தின்று, கூட்டத்திலேயே முட்டையிட்டுவிட்டு முட்டையைத் திரும்பியும் பார்க்காமல் போகிறவை.

## தலையை எண்ணுவதா, புள்ளியை எண்ணுவதா?

செட்டிநாட்டு நகரத்தார் கோயில் கணக்கில் ‘புள்ளி’ என்று ஒரு சொல் உண்டு. கல்யாணமான ஆண் தன் மனைவியோடு சேர்ந்து ஒரு புள்ளி. ஒரு வீட்டில் இருபது தலை இருக்கலாம். கோயில் வரி தலைக்கு அல்ல, புள்ளிக்குத்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ என்ற வழக்கமும் இதோடு ஒட்டியதுதான். அதே வீடு, அதே வளவு, அதே வாசல். ஆனால் அடுப்பு தனி, வரவு செலவு தனி.

மீன் தொட்டியையும் அப்படிப் பாருங்கள். தொட்டி ஒரு வீடு. அதற்குள் மொத்தம் எத்தனை தலை என்பது கடைசியில் போடவேண்டிய கணக்கு. முதலில் எத்தனை புள்ளி என்று பார்க்கவேண்டும். நம் மனிதப் புள்ளியில் இரண்டு பேர் போதும். கூட்டமாக வாழும் மீனுக்கு அப்படியல்ல. ஒரே இனம், தனக்குப் போதுமான எண்ணிக்கையில் சேர்ந்திருந்தால்தான் ஒரு புள்ளி. நியான் பத்து இருந்தால் ஒரு புள்ளி. நியான் இரண்டுதான் இருக்கிறது என்றால் அது புள்ளியே இல்லை, சந்தையில் வழிதவறிய இரண்டு பிள்ளைகள்.

மருமகன் தொட்டியில் பதின்மூன்று தலை. ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிறம் வேறாக இருந்தாலும் இனம் ஒன்றாக இருக்கலாம். கடையில் பச்சை டைகர் பார்ப், வெளிறிய அல்பினோ டைகர் பார்ப் என்று வேறு வேறு பெயரில் விற்பவை வேறு இனங்கள் அல்ல. கோடு போட்ட சாதாரண டைகர் பார்பின் வளர்ப்பு வகைகள்தான். மூன்றிலும் மூன்று வாங்கினால் ஒன்பதும் ஒரே புள்ளி. மாறாக, நியானும் கப்பியும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனாலும் நியான் கப்பியைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளாது. உருவம், கோடு, வாசனை இவற்றை வைத்து மீன் தன் இனத்தை அடையாளம் காண்கிறது. நம் கண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரராகத் தெரிவது அதன் கண்ணுக்கு வழிப்போக்கர்.

இதுவரைக்கும் உள்ளதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜோடி என்பது விற்பனை அளவு. தொட்டியின் மொத்த எண்ணிக்கை மீனுக்குத் துணையாகாது. தன் இனத்தின் எண்ணிக்கைதான் துணை.

## அவை ஏன் கூடுகின்றன?

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோனவர்களுக்கு இது சட்டென்று புரியும். விடியுமுன் இருட்டில் நெடுஞ்சாலை ஓரமாகத் தனியாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் திரும்பிப் பார்ப்பீர்கள். நாய் குரைத்தால் நின்றுவிடுவீர்கள். கால் நடந்தாலும் மனம் காவல்தான் காக்கும். அதே சாலையில் ஐம்பது பேரோடு நடக்கும்போது, பின்னால் வரும் லாரியை யாரோ ஒருவர் பார்த்து “ஓரமா வாங்க” என்று குரல் கொடுத்துவிடுவார். மற்ற நாற்பத்தொன்பது பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு, பொரி தின்றுகொண்டு, பாதித் தூக்கத்திலேயே நடக்கலாம்.

கூட்டத்தின் முதல் பயன் இதுதான்: பல கண்கள். ஆற்றில் ஒரு சின்ன மீன் தனியே மேய்ந்தால், மேய்வதற்கு நிகராகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்தில் காவலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். தின்ன நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, வெறும் வகுத்தல் கணக்கு. பெரிய மீன் ஒன்று வந்து ஒரே ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போகிறது என்று வையுங்கள். இரண்டு பேர் இருந்தால் அகப்படுவது நானாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. நூறு பேர் இருந்தால் நூற்றில் ஒன்று. 1971இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற பிரிட்டன் உயிரியலாளர் இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு விலங்கும் தனக்கும் ஆபத்துக்கும் நடுவே இன்னொருவர் இருக்கட்டும் என்று உள்ளே நகர்ந்தாலே போதும், யாரும் திட்டமிடாமல் கூட்டம் தானாக உருவாகிவிடும் என்று காட்டினார். பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் அடித்தால் எல்லோரும் மறுபக்கம் நெருக்கிக்கொள்கிறோமே, அதுபோல. பாசத்தால் வந்த நெருக்கம் அல்ல. மீனின் கூட்டத்தைப் பார்த்து ‘ஒற்றுமை’ என்று உருகுகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

மூன்றாவது, குழப்பம். கொல்லையில் கோழிக்குஞ்சுகள் பதினைந்து ஓடும்போது ஒன்றைப் பிடிக்கப் போங்கள். இதைக் குறிவைத்தால் அது குறுக்கே வரும், அதற்குத் திரும்பினால் இது போய்விடும். கடைசியில் கையில் மண்தான். பத்து மீன் ஒரே நிறத்தில், ஒரே அளவில் பளிச்சென்று திரும்பும்போது, துரத்தி வரும் மீனின் கண்ணுக்கும் இதே கதிதான்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. திருவிழாக் கடைவீதியில் ஒரே வீட்டார் ஆளுக்கொரு திசை பார்த்தபடி, ஆனால் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் திரிகிறார்களே, அது ‘கூட்டம்’. அவர்களே தேர்வடம் பிடித்ததும் எல்லோரும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் கால் வைக்கிறார்களே, அது ‘அணிவரிசை’. தொட்டி மீன்களில் பெரும்பாலானவை நாள் முழுவதும் கூட்டமாகத் திரிந்து, பயம் வரும்போது மட்டும் அணிவரிசையாகும். “என் நியான் படத்தில் வருவதுபோல் வரிசையாகப் போகவில்லையே” என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகச் சந்தோஷப்படுங்கள். பரவித் திரிந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். இறுகிப் பந்தாகச் சுருண்டால்தான் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது.

## மீனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இனி ஒப்புமையை விட்டுவிட்டு உடம்புக்குள் போவோம்.

மீனின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். கெண்டையைக் கழுவும்போது பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் பக்கக்கோடு. அது வெறும் கோடு அல்ல, நுண்துளைகளின் வரிசை. துளைகளுக்கு உள்ளே மயிர் போன்ற நீட்சி கொண்ட உணர்வணுக்கள் இருக்கின்றன. பக்கத்து மீன் வாலை ஆட்டினால் நீர் அசைகிறது, அந்த அசைவு இங்கே பதிகிறது. கண்ணும் பக்கக்கோடும் சேர்ந்துதான் “பக்கத்தில் என் ஆள் இருக்கிறான்” என்ற செய்தியை ஓயாமல் மூளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று வாசனை. தேனீக்களின் நடனத்தைப் புரிந்துகொண்டதற்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வான் ஃபிரிஷ், 1938இல் மீனைப் பற்றி ஒரு விஷயத்தை வெளியிட்டார். காயம்பட்ட சிறு கெண்டை ஒன்றைத் தண்ணீரில் விட்டதும் மற்றவை மிரண்டு ஓடின. காயப்பட்ட தோலிலிருந்து கசியும் ஒரு பொருள்தான் காரணம். இதை எச்சரிக்கைப் பொருள் என்று சொல்லலாம். கெண்டை, பார்ப், டெட்ரா, கெளுத்தி எல்லாம் இந்த ஏற்பாடு உள்ள பெருங்குலத்தைச் சேர்ந்தவைதான்.

ஆக, இவை தகவலைப் பக்கத்து மீன்களிடமிருந்து வாங்கிப் பிழைக்கும்படி அமைந்த உடம்புகள். அந்தத் தகவல் நின்றுபோனால் என்ன ஆகும்? ஆபத்து இல்லை என்று சொல்ல ஆளில்லாதபோது உடம்பு ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. கார்டிசால் என்ற சுரப்பு கூடுகிறது. நமக்கும் இருப்பதுதான், நெருக்கடியில் உடம்பை ஓடவோ போராடவோ தயார்ப்படுத்தும் சுரப்பு. ஐந்து நிமிஷத்துக்கு அது நல்லது. வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் பசி குறையும், வளர்ச்சி குறையும், நோயைத் தாங்கும் சக்தி குறையும். கடன்காரர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் சோறு இறங்குமா?

இதற்குப் பின்னால் வருவதைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம். உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிடும் (இந்தப் புள்ளி வேறு புள்ளி). அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி புது மீனோடு தொட்டிக்குள் வந்துவிடுவது சாதாரணம். தாங்குசக்தி உள்ள மீன் ஓரளவு சமாளிக்கும், ஓய்ந்துபோன மீன் முதலில் விழும். நாமோ மருந்துக் கடைக்கு ஓடுகிறோம்.

கூட்டம் போதவில்லை என்பதற்கு அறிகுறிகள் இவை: பகலெல்லாம் மறைவில் இருப்பது, காரணமில்லாமல் அம்புபோல் பாய்ந்து கண்ணாடியில் முட்டுவது, துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, தீனி போட்டாலும் மேலே வரத் தயங்குவது, நிறம் மங்குவது. நியான் இரவில் நிறம் வெளிறுவது மட்டும் இயல்பு. காலையில் விளக்குப் போட்டதும் வெளிறிக் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், கொஞ்ச நேரத்தில் சிவப்பும் நீலமும் திரும்பிவிடும்.

## கோழிக்கூட்டுச் சட்டம்

கூட்டம் என்றாலே சமாதானம் என்றும் நினைத்துவிடக் கூடாது. நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டெருப்-எபே கோழிகளைக் கவனித்து 1920களில் எழுதியதை, கோழி வளர்க்கும் எந்த அப்பத்தாவும் தலையாட்டி ஒத்துக்கொள்வார். தீனி வைத்தால் முதலில் கொத்துவது யார், யார் யாரைக் கொத்தலாம், யார் எல்லோரிடமும் கொத்து வாங்கவேண்டும் என்று ஒரு வரிசை இருக்கும். இதைக் கொத்து வரிசை என்போம். டைகர் பார்புக்கும் இது உண்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு பார்ப் இருந்தால் ஒன்று மேல், ஒன்று கீழ். மேலே இருப்பதன் விரட்டல் நூறு பங்கும் அந்த ஒன்றின் தலையில்தான். ஆறு இருந்தால் மேலே இருப்பதன் விரட்டல் ஐந்து பேருக்குப் பங்காகிறது. சராசரியாக ஆளுக்கு இருபது பங்கு. பத்து இருந்தால் ஆளுக்குப் பதினொன்றுதான். தவிர, எண்ணிக்கை கூடக் கூட உறவுகளின் எண்ணிக்கை வேகமாக ஏறுகிறது. இரண்டு மீனுக்கு நடுவே ஒரே ஓர் உறவு. ஆறு மீனுக்குள் பதினைந்து உறவு. பத்துக்குள் நாற்பத்தைந்து. ஒருவனையே குறிவைத்துக்கொண்டிருக்க யாருக்கும் ஒழியாது. குறும்பெல்லாம் தங்களுக்குள்ளேயே தீர்ந்துவிடுவதால் ஏஞ்சலின் துடுப்பைத் தேடிப் போவதும் குறையும். (நின்றுவிடும் என்று சொல்லவில்லை. எட்டுப் பார்ப் இருந்தாலும் நீண்ட துடுப்புள்ள மீனை அவற்றோடு விடமாட்டேன்.)

மூன்று என்பது இரண்டைவிட மோசமாகவும் போகலாம். இரண்டு சேர்ந்துகொண்டு ஒன்றைத் துரத்தினால் அந்த ஒன்றுக்கு ஒளிய இடமில்லை.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். சண்டைபோடும் கூட்ட மீனுக்கு மருந்து, எண்ணிக்கையைக் குறைப்பது அல்ல, கூட்டுவது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், கடையில் “ரெண்டுதான் இருக்கு, அதுவே இப்படி அடிச்சுக்குது, இன்னும் வாங்கினா?” என்று கேட்பதும் இதனால்தான்.

## ஆறு என்ற எண்ணுக்கு என்ன மகிமை?

ஒரு மகிமையும் இல்லை. “குறைந்தது ஆறு” என்பது மீன் வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்டு வழக்கமாக்கிக்கொண்ட அளவு. ஆற்றில் இந்த மீன்கள் ஆறு ஆறாகத் திரிவதில்லை, பெரும் கூட்டமாகத்தான் இருக்கும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் நியான், டைகர் பார்ப், ஏஞ்சல், இன்னொரு சிறு மீன் என்று நான்கு இனங்களை ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று வைத்துப் பார்த்தார்கள். வெருட்சியும் சண்டையும் பொதுவாகச் சிறு குழுக்களில்தான் கூடுதலாகத் தெரிந்தன. ஆகவே ஆறு என்பது வாசற்படி, அதற்கு மேல்தான் வீடு. என் அனுபவத்தில் நியானுக்குப் பத்து, டைகர் பார்புக்கு எட்டு முதல் பத்து, கோடு போட்ட சின்ன மீனான சீப்ரா டேனியோவுக்கு எட்டு, அடியில் திரியும் கோரிடோரஸுக்கு ஆறு வைத்தபோதுதான் அவற்றின் உண்மையான குணத்தைப் பார்த்தேன்.

## எல்லா மீனும் கூட்டாளி தேடுவதில்லை

எங்கள் ஊருணியில் மழைக்காலம் முடியும்போது, தண்ணீர் மட்டத்தில் செந்நிறமாக ஒரு திட்டு நகர்வதைப் பார்க்கலாம். கிட்டே போனால் அது விரால் குஞ்சுக் கூட்டம். கீழே அடியில் பெற்றவை காவலுக்கு நிற்கும். கையை விட்டால் கடிக்கும். ஆனால் அதே குஞ்சுகள் வளர்ந்து பெரிய விரால் ஆனபிறகு ஒவ்வொன்றும் தனிக்காட்டு ராஜா. ஒரே மீன், வயதுக்குத் தக்கபடி கணக்கு மாறுகிறது.

ஏஞ்சலும் அப்படித்தான். காசளவு இருக்கையில் ஐந்தாறாகச் சேர்ந்து சாதுவாகத் திரியும். வளர்ந்ததும் இரண்டு ஜோடி சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை அண்டவிடாது. அப்புறம் இன்னொரு சங்கதி: வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் துணை அல்ல, தீனி.

ஆண் ஃபைட்டர் தனியாகத்தான் இருக்கவேண்டும். இன்னோர் ஆணைக் கண்டால் உயிர்போகும்வரை மோதும். பெண்ணோடு வைப்பதும் முட்டையிடும் நேரத்துக்கு மட்டும்தான். ஃப்ளவர்ஹார்னும் ஒற்றை. வாஸ்துவுக்கு என்று வாங்கி, ‘பாவம் தனியா இருக்கே’ என்று இரக்கப்பட்டு இன்னொரு மீனை விட்டவர்கள் காலையில் எழுந்து பார்த்த காட்சியை நான் விவரிக்க வேண்டாம். நம் இரக்கம் நம்முடைய தனிமையைப் பற்றியது. அதற்கு அந்தக் கவலை கிடையாது.

கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களில் பார்க்கவேண்டியது எண்ணிக்கையைவிட விகிதம். ஆண் ஓயாமல் பெண்ணைத் துரத்தும். ஓர் ஆண், ஒரு பெண் என்ற ‘ஜோடி’ அந்தப் பெண்ணுக்குத் தண்டனை. ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்றால் தொல்லை பங்காகும். ஆனால் மாதத்துக்கு ஒரு தரம் இருபது, முப்பது குட்டி பிறக்கும். பெண் கப்பி விந்தைப் பல மாதம் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஆணை எடுத்துவிட்டாலும் பிரசவம் நிற்காது. பெருகினால் என்ன செய்வது என்ற யோசனை இல்லாதவர்கள் ஆண் கப்பியை மட்டும் எட்டுப் பத்து வாங்கி வைப்பது நல்லது. நிறமும் அவற்றுக்குத்தான்.

## சரி, கூட்டமென்று அடைத்துவிடலாமா?

கூடாது. புள்ளியைப் பார்த்தாயிற்று, கடைசிக்கு வைத்த தலைக்கணக்கு இங்கேதான் வருகிறது.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியாகவே விடுகிறது. அமோனியா நஞ்சு. ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை நாம் வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறோம். ஒரு தொட்டி இப்படிச் செரிக்கவேண்டிய மொத்தத்தைக் கழிவுச் சுமை என்று சொல்லலாம். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். முதல் நாளே பத்து மீனை விட்டால் பத்தும் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

‘ஒரு கேலன் (நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) தண்ணீருக்கு ஓர் அங்குல மீன்’ என்ற சூத்திரத்தை நம்பி மோசம் போகாதீர்கள். ஓரங்குல மீன் பத்தும், பத்தங்குல மீன் ஒன்றும் அந்தச் சூத்திரத்துக்கு ஒன்றுதான். ஆனால் நீளம் பத்து மடங்கானால் அகலமும் தடிமனும் கூடவே வளர்ந்து, எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிறது. அந்த ஒற்றை மீன் பத்துப் பொடி மீனைப்போல நூறு மடங்கு கனம். நெத்திலி பத்தும் வஞ்சிரம் ஒன்றும் ஒரே குழம்புச் சட்டிக்குள் அடங்குமா?

இதனால்தான் மருமகனிடம் அந்த ‘ஷார்க்’ வேண்டாம் என்றேன். அது சுறா அல்ல, ஆற்றுக் கெளுத்தி வகை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், கூட்டமாகவும் வாழும். ஹோட்டல் தட்டில் ‘பாசா’ என்று வருவது பெரும்பாலும் இதேதான். தங்கமீனும் சக்கரும்கூடத் தட்டளவு வளரக்கூடியவை. அவற்றுக்கு ஒரு புள்ளி அமைக்க இரண்டடித் தொட்டியில் இடமே இல்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் சேரும். வெயில். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் பிடிக்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 அளவுதான் பிடிக்கும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். சித்திரை மத்தியானம் கரண்ட் போய் ஃபில்டரும் நின்றால் நிரம்பி வழியும் தொட்டிதான் முதலில் காலியாகும். ஆகவே தைமாதக் குளிரில் கணக்குப் போடாதீர்கள், அக்னி நட்சத்திரத்தில் போடுங்கள். நியானுக்கு 20 முதல் 26 டிகிரி வரை உகந்தது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் மே மாதம் அதற்கு வழியில்லை. பழைய வீட்டுத் தடிச்சுவர்களுக்கு நடுவே, தண்ணீர் மட்டத்தில் சின்ன விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம்.

சுருக்கமாக: வகையைக் குறையுங்கள், ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், மொத்தத்தைத் தண்ணீர் தாங்கும் அளவுக்குள் நிறுத்துங்கள்.

## இரண்டடித் தொட்டிக்கு

இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் இரண்டு கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் என்றால் 56. கல், செடி, மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தேறும். இதில் சின்ன மீன் என்றால் இரண்டு புள்ளி வைக்கலாம்: நடுமட்டத்தில் நியான் பத்து, அடிமட்டத்தில் கோரிடோரஸ் ஆறு. ஆளுக்கொரு மட்டம் என்பதால் வளவில் ஆளுக்கோர் அறை மாதிரி, இடிபட வேண்டாம். டைகர் பார்ப் என்றால் ஒரே புள்ளி, எட்டு ஒன்பது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதுவான மீனைப் பாதிப் பாதியாக இரண்டு தவணையில் சேர்க்கலாம். பார்ப் போன்ற முரட்டு மீனை, தொட்டி நன்றாகப் பழகியபிறகு ஒரே நாளில் விடுவது நல்லது. முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டு அதிகாரம் பண்ணும்.

வேண்டாமென்று ஒதுக்கும் மீனை ஊருணியிலோ கண்மாயிலோ விடாதீர்கள். சக்கர் அங்கே போய்ப் பெருகினால் கெண்டைக்கும் அயிரைக்கும் இடமிருக்காது.

மருமகன் தொட்டிக்குத் திரும்புகிறேன். ஷார்க்கையும் சக்கரையும் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். தங்கமீன்கள் பக்கத்து வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பெரிய சிமெண்டுத் தொட்டிக்குப் போயின. கப்பிகள் அவனுடைய சிநேகிதன் தொட்டிக்கும், ஏஞ்சல்கள் என் வீட்டு உயரத் தொட்டிக்கும். நியானில் ஒன்று அதற்குள் போய்விட்டது. மிச்சம் ஒன்றை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு என் வீட்டுப் பன்னிரண்டோடு சேர்த்தேன். முதல் நாள் முழுக்கக் கண்ணாடி ஓரத்திலேயே நின்றது. மறுநாள் காலையில் எது அது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவன் தொட்டியில் இப்போது டைகர் பார்ப் ஒன்பது: கோடு போட்டது ஐந்து, பச்சை நாலு. அதற்குப் பக்கத்தில், பதினைந்து லிட்டர் தொட்டி ஒன்றில் ஆண் ஃபைட்டர் ஒன்று. போன வாரம் போனபோது அவன் அப்பத்தாவுக்கு இந்தப் புள்ளிக் கணக்கையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான். பெரிய தொட்டி ஒரு புள்ளி, சின்னத் தொட்டி ஒரு புள்ளி, ஆக வீட்டில் இரண்டு புள்ளி என்றான்.

அப்பத்தா ஃபைட்டரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“கல்யாணம் ஆகாததுக்கு ஏதுடா புள்ளி?” என்றார்.